தலைக்காயம் ஆறிடுச்சு, பிள்ளை ஏன் மாறிட்டான்?



போன மாதம் நம் கூட்டமைப்பின் செயற்குழுவில் வரவு செலவு பார்த்து முடித்த பிறகு ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்தார். "எங்க குழுவுல ஒருத்தங்க தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வரல. தீர்மானப்படி அபராதம் போட்டோம். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தா, மகனை விட்டுட்டு அவங்களால வாசப்படி தாண்ட முடியல. இப்ப அந்த அபராதத்தை என்ன பண்றது?" என்று கேட்டார். அபராதத்தை ரத்து செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தப் பையனைப் பற்றிய பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. தங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒரு பிள்ளை இருக்கிறது என்று இன்னும் நான்கு பேர் சொன்னார்கள். அதனால்தான் இந்த இதழில் இதை எழுதுகிறோம். அந்தத் தாயிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். பேரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்.

நடந்தது இதுதான். பையனுக்கு அப்போது 8 வயது. அம்மா மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வீடு கட்டும்போது பணம் பற்றாமல் கைப்பிடிச் சுவரை அடுத்த வருசம் பார்த்துக்கலாம் என்று விட்டிருந்தார்கள். (நம்மில் எத்தனை பேர் வீடு இப்படி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.) பையன் காற்றாடி விட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்தான். பத்தடி உயரம், கீழே சிமெண்ட் களம்.

ஒரு வெற்றிலை போடும் நேரம் பேச்சு மூச்சு இல்லை. அப்புறம் தானாகவே எழுந்து உட்கார்ந்தான். "தலை வலிக்குதும்மா" என்றான். காதுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவு புடைப்பு. காப்பித்தூள் அப்பினார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்கள். பையன் சோறு சாப்பிட்டான், தங்கச்சியோடு பேசினான். எல்லாருக்கும் நிம்மதி. சாயந்திரம் வாந்தி எடுத்தான். பயந்த வாந்தி என்றார் பாட்டி. திரும்பவும் எடுத்தான். அப்புறம் அசந்து தூங்கினான். ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. குறட்டை மாதிரி ஒரு சத்தம். 108 வந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போய், அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி, ஸ்கேன் எடுத்து, அன்று இரவே ஆபரேஷன். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருந்தது. உயிர் பிழைத்தான். 16 நாள் கழித்து வீட்டுக்கு வந்தான்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் அந்தக் குடும்பமும் நினைத்தது, ஊரும் நினைத்தது. ஆனால் அந்தத் தாய்க்கு அதற்குப் பிறகுதான் கஷ்டமே தொடங்கியது. அதைச் சொல்லுமுன், தலையில் அடிபட்டால் உள்ளே என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்வோம்.

தூக்குவாளியில் தயிர்

கெட்டியாக உறைந்த தயிரைத் தூக்குவாளியில் வைத்து மூடி, சைக்கிளில் மாட்டிக்கொண்டு மேடு பள்ளத்தில் போகிறோம். வாளிக்கு ஒரு கீறல்கூட இருக்காது. திறந்து பார்த்தால் தயிர் உடைந்து கிடக்கும். மண்டை ஓடு வாளி, மூளை தயிர். வெளியே ஒரு பொட்டு ரத்தம் வராமலேயே உள்ளே மூளை குலுங்கி அடிபடலாம். வெளியே மண்டை கிழிந்து ரத்தம் கொட்டியும் மூளைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். தலைத்தோலில் ரத்த ஓட்டம் அதிகம், சின்ன வெட்டுக்கே ரத்தம் நிறைய வரும். ஆகவே ரத்தத்தைப் பார்த்து அளக்கக் கூடாது.

சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிசு, கழுத்துத் தசைக்கு வலு குறைவு, மண்டை ஓடும் மெல்லிசு. அதனால்தான் விழும்போது தலைகுப்புற விழுகிறார்கள், அடியும் அதிகமாக ஏறுகிறது.

விழுந்த அந்த நொடியில் மூளைக்கு ஆன சேதத்தை எந்த டாக்டராலும் திருப்ப முடியாது. ஆனால் அதற்குப் பிறகு மணிக்கணக்கில் உள்ளே ரத்தம் கசிந்து கட்டுவதும் மூளை வீங்குவதும் இருக்கிறதே, அதைத் தடுக்கவும் குறைக்கவும் வழி உண்டு. மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. கசிகிற ரத்தம் இடம் தேடி மூளையையே அமுக்கும். நம் பையன் எழுந்து உட்கார்ந்து சோறு தின்றது இந்த இடைவெளியில்தான். "நல்லாப் பேசினான், திடீர்னு இப்படி ஆயிடுச்சு" என்று பல வீட்டில் சொல்வதன் காரணமும் இதுவே.

எப்போது ஓட வேண்டும்

அடிபட்ட பிள்ளையை முதல் இரண்டு நாள் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியிருந்தால், உயரத்திலிருந்து விழுந்திருந்தால், வண்டி மோதியிருந்தால், பிள்ளை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள். மற்றபடி, ஒன்றுக்கு மேல் வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, உளறல், ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது, ஒரு பக்கக் கை கால் இழுப்பது, ஒரு கண்ணின் கருமணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரிவது, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் மாதிரி ஒழுகுவது, காதுக்குப் பின்னால் கன்றிப் போவது, இதில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடம் காத்திருக்கக் கூடாது. கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. பால் குடிக்க மறுப்பது, எடுத்துத் தேற்றினாலும் நிற்காத அழுகை, உச்சிக்குழி புடைத்து நிற்பது, துவண்டு கிடப்பது ஆகியவை அதன் பேச்சு.

வண்டி வருவதற்குள் என்ன செய்யலாம்? ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மண்டை ஓடு உள்ளே குழிந்த மாதிரி தெரிந்தால் அழுத்தாமல் துணியை மேலே சுற்றினால் போதும். காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணி, மஞ்சள் எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் கழுவி எடுப்பதற்கே நேரம் ஆகும், கிருமியும் ஏறும். மயக்கத்தில் இருக்கும் பிள்ளை வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குப் போய்விடும். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். தலையில் பலத்த அடி என்றால் கழுத்திலும் அடி இருக்கலாம். தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டும். வாந்தி வந்தால் உடம்பு முழுவதையும் சேர்த்து ஒரு பக்கமாகத் திருப்புங்கள். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடாமல், பக்கவாட்டில் படுக்கவைத்து, சுற்றிலும் இடிபடும் பொருளை நகர்த்தினால் போதும்.

"போலீஸ் கேஸ் ஆயிடும், கீழே விழுந்தான்னு மட்டும் சொல்லுங்க" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எப்படி அடிபட்டது என்று உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் டாக்டர் சரியாகப் பார்க்க முடியும். சாலை விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவர் தன் பெயரைச் சொல்லக் கட்டாயம் இல்லை என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளே சொல்கின்றன. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். எந்த அட்டையும் கையில் இல்லாவிட்டாலும் முதலில் கொண்டு போய்ச் சேருங்கள்.

ஸ்கேன் எடுக்கவில்லையே என்று டாக்டரோடு சண்டை போடுபவர்களையும் பார்த்திருக்கிறோம். ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு, வளரும் பிள்ளைக்கு அது தேவையில்லாமல் போகக் கூடாது. லேசான அடி என்றால் சில மணி நேரம் படுக்கவைத்துப் பார்ப்பதும் சரியான வைத்தியம்தான். வீட்டுக்கு அனுப்பினால், ராத்திரி எத்தனை மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழுப்பி, "உன் பேர் என்ன, இது யாரு?" என்று கேட்டால் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடிபட்ட பிள்ளையைத் தூங்கவே விடக்கூடாது என்பது தவறு. தூக்கம் மூளைக்கு மருந்து. எழுப்பியும் எழாததுதான் ஆபத்து.

சீட்டை வாங்கி வையுங்கள்

மருத்துவமனையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஜி.சி.எஸ். என்று போட்டு 15-க்கு ஒரு எண் இருக்கும். 1974-ல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் கொண்டுவந்த அளவு அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15 மார்க். 13 முதல் 15 வரை லேசான அடி, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-க்குக் கீழே என்றாலும் 8 என்றாலும் கடுமையான அடி. மிகக் குறைந்தது 3. நம் பையன் மருத்துவமனைக்குப் போனபோது 7 என்று சீட்டில் இருக்கிறது. அந்த எண்ணுக்கு அர்த்தம் கேட்காமல் இரண்டு வருடம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது சீட்டு.

லேசான அடி பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் பழையபடி ஆகிவிடுவார்கள். ஒன்றிரண்டு நாள் ஓய்வு, டிவி, செல்போன் குறைவு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளிக்கூடம். கபடி, கிரிக்கெட், மரம் ஏறுவது மட்டும் டாக்டர் சரி என்று சொல்லும் வரை கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இன்னொரு அடி பட்டால் அது ரொம்ப ஆபத்து. ஒரு மாதம் தாண்டியும் தலைவலி, மறதி, எரிச்சல் இருந்தால் திரும்பக் கொண்டு போய்க் காட்டவேண்டும்.

"என் புள்ள பழைய புள்ளயா இல்லக்கா"

ஊக்குநர் வீட்டுக்குப் போனபோது அந்தத் தாய் சொன்ன முதல் வார்த்தை இதுதான். முடி வளர்ந்து தையல் போட்ட தழும்பு மறைந்துவிட்டது. நன்றாக நடக்கிறான், ஓடுகிறான். ஆனால் கடைக்குப் போய் உப்பும் சீரகமும் வாங்கி வா என்றால் உப்போடு வருவான், சில நாள் வெறுங்கையோடு வருவான். ஒரு பக்கம் எழுதுவதற்குள் களைத்துப் படுத்துவிடுவான். மிக்சி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். தங்கச்சியைக் காரணமில்லாமல் அடிப்பான், ஐந்து நிமிடத்தில் அழுவான். குழம்பு வாசனையே தெரியவில்லை என்று சோற்றை ஒதுக்குவான்.

பள்ளிக்கூடத்தில் "சேட்டை, கவனமே இல்லை" என்றார்கள். அப்பா பெல்ட்டை எடுத்தார். காத்து கருப்பு பட்டிருக்கு என்று ஒரு இடத்தில் மந்திரித்து, தாயத்துக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் போனது. அந்தப் பணம் நம் குழுவில் மாட்டுத் தீவனத்துக்கு என்று வாங்கிய உள்கடன். ஆபரேஷனுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காயம்தான் ஆறிவிட்டதே!

சம்பந்தம் இருக்கிறது. கவனம் வைப்பது, நினைவில் நிறுத்துவது, கோபத்தை அடக்குவது, ஒன்றன் பின் ஒன்றாக வேலையைத் திட்டமிடுவது எல்லாம் மூளையின் வேலை. அதிலும் முன்பகுதிக்கு இதில் பெரிய பங்கு. அடிபட்ட மூளை அதே வேலையைச் செய்ய இரட்டிப்புப் பாடுபடுகிறது, அதனால் சீக்கிரம் களைத்துப் போகிறது. களைத்த மூளைக்குச் சின்னச் சத்தமும் பெரிய தொந்தரவு. வாசனை தெரியாமல் போவதும் தலைக்காயத்தின் விளைவுதான், வாசனை கொண்டு போகும் மெல்லிய நரம்புகள் குலுங்கலில் அறுந்துவிடுகின்றன. இதில் ஒன்றுகூட அந்தப் பையன் வேண்டுமென்று செய்வதில்லை. அவனை அடித்தது, கால் ஒடிந்த பிள்ளையை ஏன் ஓடவில்லை என்று அடித்த மாதிரிதான். தலையில் குட்டுகிற பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், அது எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். கைக்குழந்தை அழுகையை நிறுத்தவில்லை என்று கோபத்தில் பிடித்து உலுக்கவும் கூடாது. வெளியே காயமே இல்லாமல் அதில் மூளைக்குள் ரத்தம் கசியும், உயிரே போகும்.

"சின்னப் புள்ளதானே, வளர வளரச் சரியாயிடும்" என்று எல்லாரும் ஆறுதல் சொல்வோம். முழுக்கச் சரியில்லை. நாற்றங்காலில் பட்ட அடி சில சமயம் கதிர் பிடிக்கும்போதுதான் தெரியும். 4 வயதில் அடிபட்ட பிள்ளை ஒன்றாம் வகுப்பில் நன்றாகவே இருக்கும். ஆறாம் வகுப்பில் பாடம் கூடி, தானே யோசித்துச் செய்யும் வேலை வரும்போது திணறும். அதற்குள் பழைய அடியை எல்லாரும் மறந்திருப்பார்கள். அதற்காகத்தான் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொன்னோம். எத்தனை வருடம் ஆனாலும், எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும், "இவனுக்கு இந்த வயசுல தலையில அடிபட்டது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் "வலிப்புதான் வரலையே" என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில், பள்ளியில்

நம் பையனுக்கு வழி பிறந்தது வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் மூலம். ஊக்குநர் தலைமையாசிரியரிடம் பேசி வரவழைத்தார். அவர் சீட்டைப் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மறுபடி அனுப்பி வைத்தார். வீட்டுக்குச் சொன்னது பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். காலையில் எழுவது முதல் பை மாட்டுவது வரை படம் வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். கடைக்கு அனுப்பினால் சீட்டு எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். கோபம் வந்தால் எதிர்த்துப் பேசாமல், சத்தமில்லாத இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும். பள்ளியில் முதல் பெஞ்சு, நடு நடுவே ஓய்வு, எழுத நேரம் கூடுதல். அப்பாதான் படங்களை வரைந்தார். பல் தேய்க்கும் படத்தில் பிரஷ் வெண்டைக்காய் மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் சிரிக்கிறார்களாம்.

"டி.சி. வாங்கிட்டுப் போங்க" என்று எந்தப் பள்ளியாவது சொன்னால் பயந்து வாங்கிவிடாதீர்கள். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது, அடிக்கவும் கூடாது. குறை நிரந்தரமாகத் தங்கிவிட்டால் மாற்றுத்திறனாளி சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளைச் சொல்கிறது, அந்தப் பட்டியலில் தலைக்காயம் என்று தனியாக இல்லை. அறிவுத்திறன், கை கால், பேச்சு, கற்றல் என்று எந்தத் திறன் பாதித்ததோ அதன் பேரில்தான் சான்று கிடைக்கும். "தலைக்காயத்துக்குச் சான்று இல்லம்மா" என்று திருப்பி அனுப்பினால், எந்தப் பாதிப்பின் பேரில் கேட்கலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு மீண்டும் போங்கள். விவரம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும்.

விழாமல் பார்த்துக்கொள்வது பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். கைப்பிடி இல்லாத மாடி, மூடி இல்லாத கிணறு, உயரத்தில் கட்டிய தொட்டில். ஒன்றை மட்டும் சொல்கிறோம். டூவீலரில் அப்பாவுக்கு ஹெல்மெட், முன்னால் நிற்கும் பிள்ளைக்கு வெறும் தலை, இந்தக் காட்சி தினமும் நம் ஊர் சாலையில் நடக்கிறது. 4 வயதுக்கு மேல் எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயது வரை பிள்ளைக்கு அளவான ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்பது 2023 பிப்ரவரி முதல் விதி. திருவிழாவுக்கு 500 ரூபாய்க்குச் சட்டை எடுக்கும் நாம், ஹெல்மெட் என்றால் மட்டும் விலை பார்க்கிறோம்.

அந்தப் பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. கணக்கு இன்னும் வரவில்லை. எரிச்சல் குறைந்திருக்கிறது, ஆனால் இல்லாமல் போகவில்லை. போன வாரம் உப்பு, சீரகம், தீப்பெட்டி மூன்றும் சீட்டு இல்லாமல் வாங்கி வந்தான் என்று அவன் அம்மா கூட்டத்தில் வந்து சொன்னார். அபராதத் தொகையைத் திருப்பிக் கொடுத்தோம். குழு உள்கடனில் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது.

தொடர்ந்து வராத உறுப்பினர் வீட்டுக்கு முதலில் ஒருவர் நேரில் போய் விசாரித்த பிறகே அபராதம் எழுத வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். உங்கள் குழுத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் தலையில் அடிபட்டு, பிறகு படிப்பிலோ குணத்திலோ மாறிப்போன பிள்ளை இருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டோடு தாயை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். சிறப்பாசிரியர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, எந்த மாதம், எந்த ஆஸ்பத்திரி என்று நினைவு இருந்தால் போதும்.